ஏதாச்சும்னா சொல்லிருவாங்க

சம்பந்தி,

இன்று காலை எக்கோ ஸ்கேன் எடுக்க என் நெஞ்சில் அந்த ஜெல்லைத் தடவினார்கள். எத்தனை முறை தடவினாலும் அதன் குளிர்ச்சி பழகுவதில்லை. பாதி இருட்டு அறை, ஏசியின் முனகல், இடப்பக்கமாகத் திரும்பிப் படுக்கச் சொல்லும் குரல். திரும்பிப் படுத்ததும் நீங்கள் வந்துவிட்டீர்கள். நீங்கள் தனியாக வருவதில்லை, உங்களோடு என் கோபமும் வருகிறது. என் நாடித்துடிப்பு ஏறுவதைத் திரையில் பார்த்த அந்தப் பெண், "பயப்படாதீங்க சார்" என்றாள். பயம் இல்லையம்மா, இது வேறு என்று சொல்ல நினைத்தேன்.

வீட்டுக்கு வந்து சாப்பிட்ட கையோடு எழுத உட்கார்ந்துவிட்டேன். இறந்துபோனவருக்குக் கடிதம் எழுதி என்ன ஆகப்போகிறது என்று என் மகள் கயல் கேட்கிறாள். மேலூரில் உங்கள் வீட்டுக்கு மருமகளாகப் போய் அவளும் உங்களைப் போலவே ஆகிவிட்டாள். எதைச் செய்தாலும் அதற்கு ஒரு பயன் இருக்க வேண்டும். இதற்குப் பயன் இல்லை என்று எனக்கும் தெரியும். ஆனால் உங்களிடம் சொல்ல வேண்டியதை, சொல்ல வேண்டியவர்கள், நீங்கள் உயிரோடு இருந்தபோது சொல்லவில்லை. பிந்திப் போனாலும் நானாவது சொல்கிறேன்.

நாம் பழகத் தொடங்கியதே இரண்டு பேருக்கும் நெஞ்சு அடைத்த பிறகுதான். அதற்கு முன்னால் என்ன ஒரு பகை. கல்யாணத்தன்று உங்கள் அக்காவை முறையாக மேடைக்கு அழைக்கவில்லை என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மண்டபத்து வாசலில் போய் நின்றுகொண்டீர்கள். பெண் கொடுத்தவர்களுக்கு முறை தெரியவில்லை என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னீர்கள். ஹார்டுவேர் கடையில் லாரிச் சத்தத்துக்கும் கம்பிச் சத்தத்துக்கும் மேலே ஏறி ஏறி வளர்ந்த குரல் அது. நானோ மதுரைக் கோர்ட்டில் சாட்சிகள் சொல்வதைத் தட்டச்சு செய்து ஓய்வு பெற்றவன். கத்துகிறவர்கள் கத்தி ஓய்ந்த பிறகு மிச்சமிருப்பதை அடிப்பதுதான் என் பிழைப்பு. பதில் பேசாமல் நின்றேன். அந்த மௌனம் உங்களுக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது. அதற்குப் பிறகு பேத்தி பிறந்தபோதுகூட நாம் நேருக்கு நேர் பேசவில்லை.

அப்புறம் எனக்கு அட்டாக் வந்தது. ஆஸ்பத்திரிக்கு நீங்கள் ஒரு இளநீர்க் குலையையே தூக்கிக்கொண்டு வந்தீர்கள். கட்டிலருகே நின்றுகொண்டு என்னிடம் பேசாமல் உங்கள் மகன் செந்திலைப் பார்த்து, "ஒங்க மாமா ராத்திரி தூங்குனாரான்னு கேளுடா" என்றீர்கள். செந்தில் என் பக்கம் திரும்பினான். "தூங்குனேன்னு சொல்லுங்க மாப்ள" என்றேன். ஊசி போட வந்த நர்சு சிரித்துவிட்டாள். நீங்களும் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தீர்கள். தோள் குலுங்கியதை நான் பார்த்தேன்.

அந்த வருஷ மழைக்காலம் முடிவதற்குள் உங்களுக்கே வந்துவிட்டது. கடையில் கம்பிக்கட்டு இறக்கிக்கொண்டிருந்தபோது வியர்த்து, வாயுப்பிடிப்பு என்று சோடா குடித்து, மாலைவரை உட்கார்ந்திருந்து, அப்புறம்தான் மதுரைக்கு வந்தீர்கள். எனக்கு ஸ்டென்ட் வைத்த அதே ஆஸ்பத்திரி. தாமதமாக வந்ததால் உங்கள் இதயத்தில் ஒரு பகுதித் தசை செத்துவிட்டது என்று செந்திலிடம் சொன்னார்கள். நான் பார்க்க வந்தபோது நீங்கள் யாரையும் நடுவில் வைக்காமல், "வாங்க சம்மந்தி, ஒங்க ரோட்டுலயே நானும் வந்துட்டேன்" என்றீர்கள். அதோடு பகை தீர்ந்தது.

அங்கேதான் அந்த இளம் டாக்டர் நம்மிடம் வந்து உட்கார்ந்து பேசினார். நல்ல மனிதர், இன்றும் அதை மறுக்க மாட்டேன். அட்டாக்கில் செத்துப்போன தசை மெலிந்துபோகும், அந்த இடம் விரியும், மிச்சமுள்ள தசை அதை ஈடுகட்டப் பாடுபட்டு ஓய்ந்துபோகும், இப்படியே இதயத்தின் உருவமே கொஞ்சம் கொஞ்சமாக மாறிவிடும் என்றார். சிலருக்கு மாறும், சிலருக்கு மாறாது. யாருக்கு, ஏன், எப்போது என்று நம் ஊர் மக்களிடம் பார்ப்பதற்கு ஓர் ஆராய்ச்சி. குறிப்பிட்ட இடைவெளியில் வந்து எக்கோ எடுத்துக்கொண்டால் போதும். அளவுகள் ஆராய்ச்சிக்கு மட்டுமே என்றும் சொன்னார். சொன்னார்தான். அவர் ஒரு பொருளில் சொன்னார், நாம் இன்னொரு பொருளில் தலையாட்டினோம். நெஞ்சில் கருவியை வைத்துப் பார்க்கிறவர்கள், பார்த்ததை நம்மிடம் சொல்ல மாட்டார்கள் என்று எந்த மனிதனுக்காவது தோன்றுமா? "நம்மளால நாலு பேருக்கு நல்லதுன்னா என்ன கொறைஞ்சிறப் போறோம்" என்று சொல்லி எனக்கு முன்னால் நீங்கள்தான் கையெழுத்துப் போட்டீர்கள்.

அந்த எக்கோ அறைக்கு வெளியே இருந்த நீலப் பெஞ்சில்தான் நாம் உண்மையில் சம்பந்திகள் ஆனோம். நீங்கள் மேலூரிலிருந்து பஸ்ஸில் வருவீர்கள். நான் திருநகரிலிருந்து வந்து உங்களுக்கு இடம் பிடித்து வைத்திருப்பேன். வந்து உட்காருவதற்குள் வழியில் போட்ட சண்டைகளைச் சொல்லி முடித்துவிடுவீர்கள். சிமெண்டுக் கம்பெனி ஏஜெண்டோடு ஒன்று, வாய்க்காலில் குப்பை கொட்டுகிறவனோடு ஒன்று, சில்லறை தராத கண்டக்டரோடு ஒன்று. ஸ்கேன் முடிந்து எதிர்க்கடையில் இட்லி சாப்பிடும்போது சட்னியில் தண்ணீர் என்று கடைக்காரரோடு ஒன்று. எந்த அநியாயத்தையும் உங்களால் சும்மா விட முடியாது. ஆனால் அந்த எக்கோ அறைக் கதவைத் தாண்டியதும் நீங்கள் வேறு ஆளாகிவிடுவீர்கள். செருப்பை வெளியே கழற்றுவீர்கள், யாரும் கேட்கவில்லை. கையைக் கூப்புவீர்கள். திரையில் என்ன தெரிகிறது என்று எட்டிக்கூடப் பார்க்க மாட்டீர்கள். அது அவர்கள் விஷயம் என்பது போலச் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பீர்கள், கருவி வைக்கும் பெண்ணே என்னிடம் சொல்லியிருக்கிறாள்.

அதை நினைத்தால்தான் எனக்கு நெஞ்சு எரிகிறது. ஊரில் எல்லோரிடமும் கணக்குக் கேட்ட மனிதர், தன் நெஞ்சுக்குள் இருப்பதைப் பற்றி ஒரு கேள்வி கேட்காமல் கையெடுத்துக் கும்பிட்டு வெளியே வந்தீர்கள். அந்தக் கும்பிடை அவர்கள் வாங்கிக்கொண்டார்கள்.

இரண்டாவது தடவையோ மூன்றாவது தடவையோ, என்ன சொன்னார்கள் என்று நான் உங்களைக் கேட்டேன். "ஒண்ணுஞ் சொல்லலையே. சொல்லலைன்னா நல்லாருக்குன்னுதான அர்த்தம்" என்றீர்கள். எனக்கும் அதுவே சரி என்று பட்டது. என்னிடமும் ஒன்றும் சொல்லவில்லை, நானும் நன்றாகத்தான் இருந்தேன்.

நீங்கள் நன்றாக இல்லை. பெஞ்சிலிருந்து எழுந்திருக்கும்போது மூச்சை இழுத்துக்கொண்டு எழுந்தீர்கள். மாலையில் செருப்பு வார் பாதத்தில் அழுந்தித் தடம் விட்டது. தலையணையை உயர்த்தி வைத்துக்கொண்டுதான் படுக்கிறீர்கள் என்று கயல் சொன்னாள். வயசாகுதுல்ல என்று நீங்கள் எல்லோரையும் அடக்கிவிட்டீர்கள். மேலூரில் உங்களுக்கு மாத்திரை எழுதிக் கொடுக்கும் டாக்டர் கால் வீக்கத்தைப் பார்த்துவிட்டு, உடனே ஒரு எக்கோ எடுத்துவிடலாம் என்று சொன்னாராம். காரியம் முடிந்த பிறகு அவரே செந்திலிடம் வருத்தத்தோடு சொன்னது இது. அவரிடம் நீங்கள் சிரித்துக்கொண்டே பதில் சொல்லியிருக்கிறீர்கள்: "மதுரையில பெரிய ஆஸ்பத்திரியில எடுத்துக்கிட்டுத்தான சார் இருக்காக. ஏதாச்சும்னா சொல்லிருவாங்க."

சம்பந்தி, இந்த ஒரு வாக்கியத்தை என்னால் விழுங்க முடியவில்லை. நெஞ்சைப் பரிசோதிக்காமல் விட்ட ஒருவர் இறந்துபோனால் அவருடைய அசட்டை என்று சொல்லிவிட்டுப் போகலாம். நீங்கள் பரிசோதிக்கப் போனீர்கள். தவறாமல், கடையைச் சாத்திவிட்டு, இரண்டு பஸ் மாறிப் போனீர்கள். யாரிடமும் எதுவும் சொல்லாத அந்த எக்கோ, உண்மையைச் சொல்லியிருக்கக்கூடிய இன்னொரு எக்கோவைத் தடுத்துவிட்டது.

எடுக்க வேண்டியிருந்த கடைசி ஸ்கேனுக்கு முந்தைய வாரம், கடையில் நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டீர்கள். செம்பைக் கொண்டுவருவதற்குள் தலை சாய்ந்துவிட்டது.

உங்கள் வீட்டில் துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும், அவர் விதி அம்புட்டுத்தான் என்றார்கள். நானும் அவர்களோடு தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கருமாதிகூட முடியாத நிலையில் ஆராய்ச்சிப் பிரிவிலிருந்து ஒரு பெண் என்னைக் கூப்பிட்டாள். உங்கள் சம்பந்தி போனை எடுக்கவில்லை, ஸ்கேனுக்கு வருவாரா சார் என்றாள். வர மாட்டார் என்று விஷயத்தைச் சொன்னேன். ஐயோ என்றாள், மனதார வருந்தினாள். பிறகு தயங்கித் தயங்கி, எத்தனை மணிக்கு இறந்தார், தூக்கத்திலா, விழித்திருந்தபோதா, அதற்கு முன் நெஞ்சுவலி இருந்ததா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். சொன்னேன். அவர்கள் கேட்டதற்கெல்லாம் நாம்தான் பதில் சொல்லிக்கொண்டிருந்தோம். அது எனக்கு அன்றைக்கு உறைக்கவில்லை.

உறைத்தது அடுத்த வருஷம். ஆராய்ச்சி முடிந்ததும், கலந்துகொண்டவர்களுக்கு நன்றி சொல்ல ஆஸ்பத்திரி அரங்கில் ஒரு கூட்டம் வைத்தார்கள். ஆளுக்கொரு பை, பைக்குள் ஒரு டிபன் டப்பா, மேடையில் பூச்செண்டு. பிரிவின் தலைவரான பெரிய டாக்டர் திரையில் படம் போட்டுத் தமிழில் அழகாக விளக்கினார். ஒரே மனிதருடைய இதயத்தின் நான்கு படங்கள். முதலில் இடது அறை மாங்காய் போல நீண்டு நுனி குறுகி இருந்தது. அடுத்ததில் நுனி மழுங்கியது. அதற்கடுத்ததில் பக்கங்கள் உப்பின. நான்காவதில் உருண்டைப் பானை. இப்படி ஆன இதயத்தால் ரத்தத்தைச் சரியாகத் தள்ள முடியாது, பம்பிங் குறைந்துவிடும் என்றார். இந்த மாற்றம் இரண்டாவது படத்திலேயே தொடங்கிவிடுகிறது பாருங்கள் என்று சிவப்புப் புள்ளியால் காட்டினார். என்னைச் சுற்றிக் கைதட்டினார்கள்.

நான் எழுந்து நின்றேன். ஏன் எழுந்தேன் என்று எனக்கே தெரியவில்லை. கூட்டத்தில் எழுந்து பேசிப் பழக்கம் இல்லாதவன் நான்.

"ரெண்டாவது படத்துலயே தெரியுதுன்னு சொன்னீங்க. அத அந்த ஆள்ட்ட சொன்னீங்களா?"

பெரிய டாக்டர் சிரித்தபடி, நல்ல கேள்வி என்றார். படங்கள் எடுத்தவுடன் அளக்கப்படுவதில்லை, சேர்த்து வைக்கப்பட்டு முடிவில்தான் அளக்கப்படும், யாருடையது என்று தெரியாமல் அளந்தால்தான் அளவில் சார்பு வராது என்றார்.

"அளக்கறவருக்குத் தெரிய வேணாம் சார், சரி. படுத்திருக்கறவருக்குமா தெரியக் கூடாது?"

 எனக்கு முன்வரிசையில் உட்கார்ந்திருந்த அம்மா திரும்பி என்னைப் பார்த்துவிட்டு, மடியிலிருந்த பையைக் கீழே வைத்தார். நான் இன்னொன்றும் கேட்டேன். "இந்தப் படத்துல இருக்கறவரு இப்ப எங்க இருக்காரு?" தனிப்பட்ட விவரங்களை வெளியிடக் கூடாது என்று பதில் வந்தது. நேரமாகிவிட்டது, டீ தயாராக இருக்கிறது என்றும் சொன்னார்கள்.

அது நீங்கள்தான் என்று நினைத்துவிட்டேன். அந்த நான்கு படங்களையும் உங்களுடையதாகவே வீட்டுக்குச் சுமந்து வந்தேன். செந்திலிடமும் சொன்னேன். அவன், மகன் என்ற உரிமையில் உங்கள் படங்களையும் அளவுகளையும் கேட்டு எழுதினான். இழுத்தடித்தார்கள். ஆராய்ச்சிக்கு எடுத்தது நோயாளிக்கு உரியதில்லை என்று ஒரு தடவை சொன்னார்களாம். எங்கப்பா நெஞ்சு யாருக்கு உரியது என்று செந்தில் கேட்டிருக்கிறான். உங்கள் குரல் அவனிடம் அப்படியே இருக்கிறது. கடைசியில் அந்த இளம் டாக்டர்தான் முயற்சி எடுத்து வாங்கிக் கொடுத்தார். தன் அறையில் எங்களை உட்கார வைத்து, ஒவ்வொரு படமாகத் திரையில் ஓட விட்டார்.

அரங்கத்தில் காட்டியது உங்கள் இதயம் இல்லை, சம்பந்தி. அது வேறு யாரோ ஒருவருடையது.

உங்களுடையதும் அதே போலத்தான் மாறியிருந்தது. முதல் படத்தில் மாங்காய், இரண்டாவதில் நுனி மழுங்கல், மூன்றாவதில் பானை. நான்காவது எடுக்கவே இல்லை. அரங்கில் நான்கு படம் பார்த்தபோதே அது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உங்கள் இதயம் துடிப்பதை அங்கே உட்கார்ந்து பார்த்தோம். நீங்கள் போன பிறகும் அது திரையில் விரிந்து சுருங்கிக்கொண்டிருந்தது. விரிந்தது மெதுவாக, சுருங்கியது அரைகுறையாக. செந்தில் எழுந்து வெளியே போய்விட்டான்.

அப்போது அந்த டாக்டர் சொன்னார்: "எனக்கும் இது தப்புன்னு தோணுச்சு சார். ஆனா திட்டத்துல அப்படித்தான் எழுதியிருந்துச்சு." கோர்ட்டில் எத்தனையோ வாக்குமூலம் அடித்திருக்கிறேன். இதைவிட நேர்மையானதையும் கேட்டதில்லை, இதைவிட ஆத்திரமூட்டுவதையும் கேட்டதில்லை. கெட்டவர் ஒருவர் செய்திருந்தால் அவர் மேல் பாய்ந்திருப்பேன். இங்கே எல்லோரும் நல்லவர்கள். கருவியை வைத்த பெண் நல்லவள், டாக்டர் நல்லவர், ஆராய்ச்சி நல்லது. இத்தனை நல்லவர்களுக்கு நடுவில் ஒரு மனிதர் கால் வீங்கி, மூச்சு வாங்கி, கும்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போய் இறந்திருக்கிறார்.

உங்கள் படங்களைப் பார்த்தபோது எனக்கு இன்னொன்றும் புரிந்தது. நீங்கள் ஒருவர் இல்லை. அரங்கத்துத் திரையில் இருந்தவர் இன்னொருவர். அவர் உயிரோடு இருக்கலாம். அந்த வாரமே, ஆராய்ச்சிகளுக்கு அனுமதி தரும் ஆஸ்பத்திரியின் நெறிமுறைக் குழுவுக்கு எழுதினேன். என் காலமெல்லாம் அடுத்தவர் பேச்சை அடித்துக் கொடுத்த விரல்கள், முதல் தடவையாக என் பேச்சை அடித்தன. குழு என்னையும் செந்திலையும் கூப்பிட்டது. பெரிய டாக்டரும் வந்திருந்தார். அறிவியலுக்கு விதிகள் உண்டு என்றார். எல்லோரும் கையெழுத்துப் போட்டவர்கள்தானே என்றார். போட்டோம் சார், எங்களைப் பார்த்துக்கொள்வீர்கள் என்று நம்பித்தான் போட்டோம் என்றேன். குழுவில் இருந்த வயதான பெண் வக்கீல் ஒருவர் அவரைப் பார்த்து, உங்கள் அப்பா அந்தக் கட்டிலில் படுத்திருந்தால் படத்தை முடிவுவரைக்கும் மூடி வைத்திருப்பீர்களா என்று கேட்டார். அவர் முன்னாலிருந்த காகிதங்களை அடுக்கத் தொடங்கினார்.

முடிவு வர மாதங்கள் ஆயின. எல்லாப் படங்களையும் மறுபடி பார்த்து, இதயம் விரிந்தவர்கள் ஒவ்வொருவரையும் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். இனிமேல் நடக்கும் ஆராய்ச்சிகளில் எடுத்த படத்தை அந்த வாரமே ஒருவர் பார்க்க வேண்டும். மாற்றம் இருந்தால் படுத்திருந்தவரிடமும் அவருடைய டாக்டரிடமும் சொல்ல வேண்டும். அளப்பவர் வேறு, சொல்பவர் வேறு. இதைச் செய்ய முடியாத அளவுக்குப் பெரிய வேலை ஒன்றும் இல்லை என்று அப்போதுதான் எல்லோருக்கும் தெரிந்தது. முன்பே தெரிந்திருந்தால் என்று நான் எழுதப் போவதில்லை. 

கொஞ்ச நாள் கழித்து இளம் டாக்டர் போன் செய்தார். "அந்த நாலு படத்துக்காரர் வந்துட்டார் சார். நீர் மாத்திரை, மத்த மருந்தெல்லாம் ஆரம்பிச்சிட்டோம். மூச்சு இளைப்பு கொறஞ்சிருக்கு." யார் அவர், எந்த ஊர் என்று கேட்டேன். சொல்ல முடியாது சார் என்றார். அந்தப் பதிலுக்காக நான் கோபப்படாதது அன்று ஒருநாள்தான். எங்கேயோ ஒருவர் படியேறிக்கொண்டிருக்கிறார். அவர் படியேறுவதில் உங்களுக்குப் பங்கு உண்டு என்பது அவருக்குத் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை.

ஆனால் அதைச் சொல்லி என்னைச் சமாதானப்படுத்த வந்தவர்களை நான் விடவில்லை. அவரால் நாலு பேர் பிழைத்தார்களே என்றார்கள். அவர் அதற்குத்தான் கையெழுத்துப் போட்டாரா? செத்து உதவுகிறேன் என்றா போட்டார்?

உங்கள் இந்த வருஷத் திதிக்கு மேலூர் வந்திருந்தோம். பந்தி முடிந்து எல்லோரும் போன பிறகு உங்கள் மனைவி என்னருகே வந்து தரையில் உட்கார்ந்தார். இந்த விஷயம் பற்றி அதுவரை அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை.

"அண்ணே, அப்பவே சொல்லியிருந்தா இவரு இருந்திருப்பாராண்ணே?"

இந்தக் கேள்வியை நான் டாக்டர்களிடம் கேட்டிருந்தேன். மருந்து கூட்டியிருப்போம், பாரம் தூக்கக் கூடாது என்றிருப்போம், நெஞ்சில் ஒரு கருவி வைக்கலாமா என்று யோசித்திருப்போம், இருந்திருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்றார்கள். அதையே உங்கள் மனைவியிடம் சொன்னேன். பொய் சொல்ல மனம் வரவில்லை. அவர் முந்தானையை மடித்தபடி யோசித்தார்.

"இல்லைன்னாலும் என்கிட்டயாச்சும் சொல்லியிருப்பாரு. எனக்கு இப்புடி இருக்குடின்னு சொல்லியிருப்பாரு. ரெண்டு பேருந் தெரிஞ்சுக்கிட்டு இருந்திருப்போம்."

நான் கூட்டத்திலும் குழுவிலும் கேட்ட எல்லாக் கேள்விகளையும்விட இது பெரியது, சம்பந்தி. உங்களிடமிருந்து அவர்கள் எடுத்துக்கொண்டது ஆயுளை மட்டும் அல்ல. தன் உடம்பைப் பற்றித் தெரிந்துகொண்டு, பெண்டாட்டியிடம் சொல்லி, கடையை யாரிடம் விடுவது என்று யோசித்து, பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் காலத்தையும் எடுத்துக்கொண்டார்கள். எந்த அளவுகோலிலும் அது பதிவாகவில்லை.

இப்போது அந்த நெறிமுறைக் குழுவில் பொதுமக்கள் சார்பில் என்னையும் ஓர் உறுப்பினராகப் போட்டிருக்கிறார்கள். வாயை மூட வைக்கத்தான் என்று செந்தில் சொல்கிறான். இருக்கலாம். போன வாரம் ஒரு புதிய ஆராய்ச்சி அனுமதிக்கு வந்தது. அதுவும் இதயம் பற்றியதுதான், வேறொரு பிரிவு. பரிசோதனை முடிவுகள் கலந்துகொள்பவருக்குத் தேவைப்பட்டால் தெரிவிக்கப்படும் என்று ஒரு வரி. யாருக்குத் தேவைப்பட்டால், யார் தெரிவிப்பார், எத்தனை நாளுக்குள் என்று கேட்டேன். அதெல்லாம் நடைமுறையில் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். என் குரல் உயர்ந்துவிட்டது. கல்யாண மண்டபத்து வாசலில் நீங்கள் நின்று எழுப்பிய அந்தக் குரல் என் தொண்டையிலிருந்து வந்ததைக் கேட்டு எனக்கே ஆச்சரியம்.

கோபம் இதயத்துக்கு ஆகாது என்கிறார்கள். கயல் சொல்கிறாள், என் டாக்டர் சொல்கிறார். எல்லாவற்றையும் குறைத்துக்கொண்டேன், உப்பு, எண்ணெய், மாடிப்படி. இதை மட்டும் குறைக்க மாட்டேன். நீங்கள் எனக்கு விட்டுப்போனது இது ஒன்றுதான்.

சார், உட்கார்ந்து பேசுங்கள் என்றார் அன்று குழுத் தலைவர். தெரிவிப்பவர் பெயரையும், எத்தனை நாளுக்குள் என்பதையும் அவர்கள் அந்த வரியில் எழுதி முடிக்கும்வரை நான் உட்காரவில்லை.